பழைய மின்சார சைக்கிளும் அதன் பிடிவாதமும்

சில திங்களாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் மின்சார சைக்கிளைப் பற்றியவை மிகுந்து வருகின்றன. இதில் வியப்பொன்றுமில்லை. பெட்ரோல் செலவு கிடையாது. லைசென்ஸ் எடுக்க வேண்டுவதில்லை. குறுகிய சந்துக்குள்ளும் நுழைந்து வெளியேறும். புதிதாக வாங்கப் பொருள் போதாத அன்பர்கள், பிறர் ஓட்டிக் கழித்த வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்கின்றனர். தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்டலிப் பாத்திரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு புறப்படும் வியாபாரிக்கும், மாட்டுங்காவில் கடைச் சரக்கை வீடுகளுக்குச் சேர்ப்பவருக்கும், செம்பூரில் நாள் முழுதும் பொட்டலம் சுமந்து திரியும் இளைஞருக்கும் இவ்வண்டி இன்று தொழிற்கருவியாகிவிட்டது. அது நின்றால் அன்றைய வருவாயும் நின்றது.

கடிதங்களில் காணும் குறை பெரும்பாலும் ஒன்றே. மிதிக்கும்போது மோட்டார் சில வேளை துணைக்கு வருகிறது. சில வேளை வருவதில்லை. வந்ததும் நடுவில் கைவிட்டுவிடுகிறது என்பதே அது. பெடலை மிதித்தவுடன் மோட்டார் தானே தள்ளிக்கொடுக்கும் இவ்வேற்பாட்டை இக்கட்டுரையில் ‘துணைவிசை’ என்று குறிப்போம். அடியோடு ஓடாத வண்டியின் பழுதைக் காண்பது எளிது. ஓடியும் ஓடாமலும் இருக்கும் வண்டியோ கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடும். வீடு திரும்பும் வழியில் மீண்டும் பிடிவாதம் பிடிக்கும். இந்நிலையில் பழுதுபார்ப்போர் சிலர், “பாட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று கூறிவிடுகின்றனர். வண்டியிலேயே விலை மிகுந்த உறுப்பு பாட்டரிதான். புதிது வாங்க இயலாதவர் எங்கோ மலிவாகக் கட்டிக் கொடுக்கும் பாட்டரியைத் தேடிப் போகிறார். சில நூறு ரூபாயில் தீர்ந்திருக்க வேண்டிய சிறு கோளாறு, வீட்டுக்குள் நெருப்பை வாங்கி வைப்பதில் போய் முடிகிறது. இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொண்டதன் காரணம் இதுவே.

முதலில் துணைவிசை எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிதல் நன்று. பெடல்களைத் தாங்கும் கிராங்க் அச்சில் வட்டமான பிளாஸ்டிக் தகடு ஒன்று செருகப்பட்டிருக்கும். அதில் சிறு காந்தங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். 8 காந்தம் உடையனவும் உண்டு, 12 உடையனவும் உண்டு. அத்தகட்டுக்கு எதிரே, வண்டியின் சட்டத்தோடு அசையாமல் பொருந்தியிருப்பது சென்சார். நாம் மிதிக்கையில் காந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்சாரைக் கடக்கின்றன. ஒவ்வொன்றும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு கண்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்கிறது. துடிப்புகள் இடையறாது வந்தால், “இவர் மிதிக்கிறார்” என்று அறிந்து பெட்டி மோட்டாருக்கு மின்சாரத்தை விடுகிறது. துடிப்பு நின்றால் மின்சாரத்தையும் நிறுத்துகிறது. காந்தத்தின் அருகே மின்னோட்டம் ஒதுங்கும் இயல்பை 1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவராயிருந்த எட்வின் ஹால் கண்டறிந்தார். அன்று ஆராய்ச்சிச் சாலையில் கண்ட உண்மையே இன்று நம் காலடியில் வேலை செய்கிறது. துணைவிசை சைக்கிளை 1993-இல் ஜப்பானில் யமஹா நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. அவ்வகையில் மிதிக்கும் அழுத்தத்தையே அளக்கும் சென்சார் இருக்கும். நம்மவர் கையிலுள்ள மலிவான வண்டிகளில் பெரும்பாலும் மேற்சொன்ன காந்தத் தகடே உண்டு. ஆகவே அதனைப் பற்றியே எழுதுகிறோம்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. துடிப்பு வராதபோது கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரை நிறுத்துவது பிழையன்று, அதுவே பாதுகாப்பு. ரயில்வேயில் சிக்னல் அமைப்பில் கோளாறு நேர்ந்தால் அது சிவப்பையே காட்டுமாறு அமைத்திருக்கிறார்கள். ஐயம் வந்தால் வண்டி நிற்க வேண்டும், ஓடக்கூடாது என்பது அங்குள்ள விதி. அவ்விதியே இங்கும். ஆகவே மோட்டார் நின்றுவிட்டது என்றவுடன் மோட்டாரைச் சந்தேகிப்பது முறையன்று. “நில்” என்று அதற்குச் சொன்னது எது என்று தேட வேண்டும்.

கோளாறல்லாதவற்றை முதலில் விலக்கிவிடுவோம். திரையில் துணைவிசையின் படி ‘0’ என்றிருந்தால் மோட்டார் வாராது. மிதிக்கத் தொடங்கியபின் கால்வட்டமோ அரைவட்டமோ சுற்றிய பிறகே விசை பிறப்பதும் இயல்பு. சில துடிப்புகளை எண்ணிப் பார்த்தே பெட்டி நம்புகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியவுடன் விசை நின்றுபோவதும் பழுதன்று. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்குக் குறைந்ததாகவும், 25 கிலோமீட்டர் வேகத்தில் விசை நிற்பதாகவும் உள்ள துணைவிசை சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதனால்தான் பதிவெண்ணும் லைசென்ஸும் வேண்டாமலிருக்கிறது. “வேகத்தடையை எடுத்துவிடுகிறேன்” என்று எவரேனும் ஆசை காட்டினால் இணங்க வேண்டாம். அவ்வாறு செய்தபின் அது சட்டப்படி மோட்டார் வாகனமாகிவிடும்.

நிற்க. இனிக் கோளாறுக்கு வருவோம். வைத்தியர் நோயாளியிடம் வலி எங்கே என்பதோடு எப்போது என்றும் கேட்பதுபோல, வண்டியையும் “எப்போது?” என்று கேட்க வேண்டும். மூன்று நாள் ஒரு தாளில் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

குழியில் இறங்கி ஏறும்போது விசை அற்றுப்போனால், கம்பி இணைப்போ காந்தத் தகடோ தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஹாண்டிலைத் திருப்பும்போது அற்றுப்போனால், அதன் கழுத்தருகே வளைந்து வளைந்து கம்பி உள்ளே ஒடிந்திருக்கக்கூடும். மழைக்குப் பின் வராமல், இரண்டு நாள் வெயிலில் தானே சரியானால், இணைப்பில் நீர் புகுந்திருக்கிறது. பிரேக் பிடித்துவிட்ட பிறகு வராமல், பிரேக் கைப்பிடியை ஒருமுறை ஆட்டியதும் வந்தால், குறை கைப்பிடிக்குள் உள்ள சிறு சுவிட்சில். ஏற்றத்திலும் கனத்த சுமையிலும் மட்டுமே நின்று, சமநிலத்தில் ஒழுங்காக ஓடினால், அப்போதுதான் பாட்டரியின்மீது ஐயம் கொள்ள நியாயம் உண்டு.

இதற்கு உதாரணமாக ஒன்று கூறலாம். தாராவியில் 90 அடிச் சாலையை அடுத்து வாழும் இட்டலி வியாபாரி ஒருவர், வயதில் மூத்தவர், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர், தம் வண்டியைப் பற்றி நமக்குச் சொல்லியனுப்பினார். ஒரு ஞாயிறன்று சென்று பார்த்தோம். “பாட்டரி மாத்தணும்னு சொல்லிட்டாங்க, தம்பி. புதுசுன்னா பன்னிரண்டாயிரம். பழைய செல்லை வச்சுக் கட்டினா ஐயாயிரத்துல முடிச்சுத் தாரேங்கான் ஒருத்தன்” என்றார். “அண்ணாச்சி, பாரத்தோடு மேட்டில் ஏறும்போது நிற்கிறதா?” என்று கேட்டோம். “மேட்டுல கைத்திருகைத் திருகினா ஜம்முனு ஏறுது. மிதிச்சாத்தான் வரமாட்டேங்குது. அதுவும் குழியில விழுந்து எழுந்தா சுத்தமா இல்லை” என்றார்.

விடை அவர் சொல்லிலேயே இருந்தது. கைத்திருகால், அதாவது ஆக்ஸிலேட்டரால், பாரத்தோடு மேடேறுகிற வண்டியில் பாட்டரியும் மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் நன்றாகவே இருக்கின்றன. குறை பெடலுக்கும் பெட்டிக்கும் இடையிலேதான். வண்டியைச் சாய்த்துப் பார்த்தபோது, காந்தத் தகடு விரிசல் கண்டு அச்சின்மீது நழுவியிருந்தது. சென்சாருக்கும் தகட்டுக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. சென்சாரின் முகத்தில் மழைக்காலத்துச் சேறு காய்ந்து படிந்திருந்தது. அதன் கம்பி இணைப்பைப் பிரித்தால் முனைகளில் பச்சைக் களிம்பு. துடைத்து, உலர்த்தி, தகட்டை உரிய இடத்துக்குத் தள்ளி நிறுத்தியதும் துணைவிசை திரும்பியது. மறுவாரம் சில நூறு ரூபாயில் புதிய தகடும் சென்சாரும் வாங்கிப் பொருத்திக்கொண்டார். ஐயாயிரம் ரூபாய்ப் பாட்டரி வீட்டுக்குள் வரவில்லை.

இத்தகைய சோதனையை அன்பர்கள் தாமே செய்ய விரும்பினால் வரிசை மாறாமல் செய்க. எதைத் தொடுமுன்னும் சாவியை எடுத்துவிட்டுப் பாட்டரியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஓட்டிப் பார்க்கும் சோதனையில் மோட்டார் உள்ள சக்கரம் தரையில் படாதபடி உயர்த்தி, விரலையும் வேட்டி, சேலை நுனியையும் சங்கிலிக்கு எட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அருகே விடலாகாது.

முதலாவது, கைத்திருகு உள்ள வண்டியானால் அதனைத் திருகிப் பார்க்க. அது வேலை செய்து பெடல் மட்டும் செய்யாவிடில் மேலே சொன்ன வழியே செல்க. இரண்டும் செய்யாவிடில் பிரேக் சுவிட்சையும் பாட்டரியையும் பார்க்க.

இரண்டாவது, காந்தத் தகடு. ஒரு காந்தம் உதிர்ந்திருந்தாலும் விசை தட்டுத்தடுமாறும். இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைக்க. கிராங்கைக் கழற்றி மாட்டிய பிறகே கோளாறு தொடங்கியதென்றால், தகட்டைப் புறம் மாற்றி மாட்டியிருக்கலாம். பின்னோக்கிச் சுற்றும்போது மோட்டார் வருவது இதன் அடையாளம்.

மூன்றாவது, பிரேக். கைப்பிடியை அழுத்தியவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இரு கைப்பிடிகளிலும் உண்டு. சுருள்வில் தளர்ந்தோ, துரு ஏறியோ கைப்பிடி முழுதும் திரும்பாவிட்டால், நாம் பிரேக் பிடித்திருப்பதாகவே பெட்டி எண்ணும். பெரும்பாலான வண்டிகளில் இச்சுவிட்சின் இணைப்பைப் பிரித்துவிட்டால் பெட்டி அதனைப் பொருட்படுத்தாது. சக்கரம் உயர்த்திய நிலையில் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்கலாம். ஆனால் சோதித்தபின் மீண்டும் இணைக்காமல் சாலைக்குப் போகவே கூடாது. நெரிசலில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் தள்ளிக்கொண்டிருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நான்காவது, இணைப்புகள். இது மும்பைக்கே உரிய தொல்லை. நான்கு மாத மழையும், கடற்காற்றின் உப்பும், கிங் சர்க்கிள், ஹிந்துமாதா போன்ற தாழ்ந்த இடங்களில் தேங்கும் நீரும் செம்பு முனைகளைத் தின்றுவிடுகின்றன. கம்பியைப் பிடித்து இழுக்காமல், இணைப்பின் உடலைப் பிடித்து நேராகப் பிரிக்க வேண்டும். வளைந்த ஊசிகள் உண்டா என்று பார்க்க. களிம்பிருந்தால் மின்முனைகளுக்கென விற்கும் துப்புரவுத் திரவத்தால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின், இருபுறமும் உள்ள அம்புக்குறிகள் நேர்படுமாறு செருகுக. இணைப்புக்குச் சற்று முன்னே கம்பி கீழ்நோக்கித் தொங்கி, பின் மேலேறுமாறு கட்டினால், வழியும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், உள்ளே புகாது. வண்டி கழுவும் இடங்களில் வேகமாகப் பீய்ச்சும் நீரால் கிராங்க்கையும் சக்கர நடுவையும் கழுவச் சொல்லாதீர்கள்.

ஐந்தாவது, மின்சார வேலையில் சிறிது பழக்கமுடையோர்க்கு மட்டும். லாமிங்டன் சாலைக் கடைகளில் எளிய மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சென்சாரின் மூன்று கம்பிகளில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே சுமார் 5 வோல்ட் இருத்தல் வேண்டும். கறுப்புக்கும் மூன்றாவதற்கும் இடையே, பெடலை மெதுவாகச் சுற்ற, அளவு ஏறி ஏறி இறங்க வேண்டும். 5 வோல்ட் வந்தும் ஏற்றம் இறக்கம் இல்லையேல் சென்சார் பழுது. 5 வோல்ட்டே வராவிடில் குறை கம்பியிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ உள்ளது; அங்கே நிறுத்திக்கொண்டு தேர்ந்தவரிடம் செல்க. மல்டிமீட்டரின் முனை தவறிச் சிவப்பையும் கறுப்பையும் ஒன்றுசேர்த்தால் பெட்டியே பாழாகும்.

இவ்வைந்தையும் கடந்த பிறகே பாட்டரிக்கு வர வேண்டும். 36 வோல்ட் என்று எழுதிய லித்தியம் பாட்டரி, முழுதும் ஏறியவுடன் 42 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். நிற்கும்போது நல்ல அளவு காட்டிவிட்டு, ஏற்றத்தில் மிதிக்கத் தொடங்கியதும் திரையிலுள்ள கோடுகள் சடசடவென்று விழுந்து, நின்றவுடன் மீண்டும் எழுந்தால் அப்பாட்டரி தளர்ந்துவிட்டது. உள்ளிருக்கும் காப்புச் சுற்று, அழுத்தம் அளவுக்குமீறித் தாழும்போது மின்சாரத்தைத் துண்டிப்பதையே நாம் துணைவிசை அற்றுப்போவதாகக் காண்கிறோம். அக்காப்புச் சுற்றை ஒதுக்கிவிட்டு நேரே கம்பி இழுத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

பாட்டரி உண்மையாகவே தளர்ந்திருந்தால் அங்கே சிக்கனம் பார்த்தல் ஆகாது. பழைய கணினிகளிலும் வண்டிகளிலும் இருந்து எடுத்த செல்களை ஒன்றாகக் கட்டித் தரும் பாட்டரியில், ஒவ்வொரு செல்லும் வெவ்வேறு வயதுடையது. ஒன்று அளவுக்கு மீறி ஏறும், மற்றொன்று ஏறாது. அதிலிருந்து வெப்பமும், வெப்பத்திலிருந்து தீயும் பிறக்கின்றன. செல்வமும் வசதியும் மிகுந்த நியூயார்க் நகரிலேயே 2023-ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பாட்டரித் தீயால் 18 பேர் மாண்டனர். பழைய செல்களைக் கொண்டு கட்டிய பாட்டரிகளை விற்பதை அந்நகரம் அதே ஆண்டில் சட்டத்தால் தடுத்தது. 

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஓர் அறை, அதன்மேல் ஒரு பரண், ஏறி இறங்க ஒரே ஏணி, வெளியேற ஒரே வாயில். வண்டியை வைக்க இடமின்றி, அந்த வாயிலிலோ ஏணிக்கடியிலோ பாட்டரியை மின்சாரத்தில் செருகிவிட்டு, மேலே பிள்ளைகள் உறங்குகின்றனர். தீப்பற்றினால் புகையும் சுவாலையும் நிற்பது அவர்கள் இறங்கி வரும் வழியில். ஆகவே தாய்மார்களுக்கும் சேர்த்தே இதனைச் சொல்கிறோம். பாட்டரியை வண்டியிலிருந்து கழற்றி, வாயிலையும் ஏணியையும் விட்டு விலக்கி, துணி, பாய், கட்டில் இவை தீண்டாத வெறுந்தரையில் வைத்து, வீட்டில் எவரேனும் விழித்திருக்கும்போதே மின்னேற்றுக. ஓட்டி வந்த சூடு தணிந்த பின்னரே செருகுக. அதற்குரிய சார்ஜரையன்றி வேறொன்றைப் பயன்படுத்தற்க. வீங்கியது, நாற்றம் வீசுவது, தொட முடியாத சூடுடையது, வெள்ளத்தில் மூழ்கியது ஆகிய பாட்டரியை ஒருமுறைகூட ஏற்றிப் பார்க்க வேண்டாம். புகை கண்டால் பொருளை எடுக்கக் குனியாமல், எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழைக்கவும். கெட்ட பாட்டரியைக் குப்பையில் எறியவும் கூடாது. 2022-இல் வந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பு அதனை உண்டாக்கியவர்களுடையது. விற்பனை நிலையத்தில் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

இனி வாங்கவிருப்போர்க்கு ஒரு சொல். பழைய வண்டியின் விலையைப் பேசுமுன் அதன் ரசீதையும், சட்டத்தில் பொறித்த எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும், பாட்டரியோடு வந்த சார்ஜர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாட்டரிக் கூடு திறந்து ஒட்டப்பட்ட அடையாளம் இருந்தால் விட்டுவிடுங்கள். பத்து நிமிடமாவது மிதித்து, ஒரு மேட்டில் ஏற்றி, சில குழிகளில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். துணைவிசை மட்டும் தடுமாறினால் அஞ்ச வேண்டியதில்லை; அதனைக் காட்டி விலையைக் குறைக்கலாம். மேட்டில் பாட்டரி தளர்ந்தால், புதிய பாட்டரியின் விலையையும் கூட்டிக் கணக்கிட்ட பிறகே கைநீட்டுங்கள்.

இவ்வரிசையில் சோதித்தும் புலப்படாத கோளாறுடைய அன்பர்கள், எப்போது எவ்விடத்தில் நிற்கிறது என்ற குறிப்போடு சங்க முகவரிக்கு எழுதினால், இயன்றதை அடுத்த இதழ்களில் தெரிவிப்போம். அதுவரை பாட்டரி வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்போர், கிராங்குக்கு அருகே குனிந்து அந்தக் காந்தத் தகட்டை ஒருமுறை பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.